படத்தில் இல்லாத ஐந்து வீடுகள்

காலை 7.40. ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் நல்ல குளிர். தை பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முந்தின மாலையே சென்னையிலிருந்து வந்து வாணியம்பாடியில் தங்கிவிட்டு, முதல் வேலையாக இங்கே வந்து இறங்கினேன். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு தேநீர் வாங்கி, குடிப்பதைவிட அதிகமாகக் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூருக்கு இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

நான் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. ஜமுனாமரத்தூரில் ஒரு விதை வங்கி இருக்கிறது. அறுவடை முடிந்ததும் மலைக்காரர்கள் சாமை விதையை மூட்டையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆடியில் விதைக்கும்போது திரும்ப வாங்கிப் போவார்கள். அதற்கு மென்பொருள் செய்து கொடுத்தது எங்கள் நிறுவனம். செய்தது என்றால், யாரும் உட்கார்ந்து வரிவரியாக எழுதவில்லை. வங்கியில் வேலை எப்படி நடக்கிறது என்று நான் படம் வரைந்தேன். இது மூட்டை, இது விவசாயி, நடுவே ஒரு கோடு. அந்தப் படத்தைப் படித்து ஒரு கருவி மென்பொருளை உருவாக்கிவிடும். தொழில் ஒரு பக்கமும் மென்பொருள் ஒரு பக்கமும் இழுக்காமல், இரண்டும் ஒரே படத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும். பதினைந்து வருடமாக இதைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் போய்ப் பேசிவருகிறேன்.

பத்து நாளைக்கு முன் அந்த மென்பொருள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. வங்கிப் பொறுப்பாளர் கோமதியின் பெயரில் இருபத்துமூன்று மூட்டை விதை. அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஊரார் விதையைத் தன் பெயரில் பதுக்குகிறாரா என்று பார்த்து, மாலை நான்கு மணிக்குள் நான் அறிக்கை அனுப்ப வேண்டும். பொறுப்பு அவர் மேல் என்று எழுதினால் அவர் வேலை போய்விடும். சொல்லத்தான் வேண்டும், முக்கால்வாசி அறிக்கையைச் சென்னையிலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

8.05. பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த பெண், "மேடம், நான்தாங்க கோமதி. எனக்கு இந்த ஊருதான். தெனமும் இதே பஸ்ல மேல போய்ட்டு வர்றேன்" என்றார். முப்பது வயதிருக்கும். மடியில் இரண்டு டிபன் டப்பா.

"ஒண்ணு உங்களுக்குங்க. மேல இந்நேரம் ஒண்ணும் சரியா கெடைக்காது."

வாங்குவதா வேண்டாமா என்று தடுமாறினேன். அவரே சொன்னார்: "என்னெ நிறுத்தத்தான் வர்றீங்கன்னு தெரியும் மேடம். அதுக்காவ பட்டினியா இருக்க முடியுமா? சாப்புடுங்க."

எலுமிச்சை சாதம். மனிதர்களிடம் கோபமாக இருக்க வேண்டிய நாளில் அவர்கள் கையால் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

நடத்துநர், "ஜன்னலோரமா உக்காரும்மா, வளைவுல தலை சுத்தும்" என்று என்னை இடம் மாற்றிவிட்டார். காவலூர் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மரங்கள் நெருங்கிவந்தன. அறுத்து முடித்த சாமைக் கொல்லைகள் சரிவுகளில் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. இந்த மலையைப் பற்றி நான் படம் வரைந்திருக்கிறேன், மலையைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

9.30. விதை வங்கி என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே வேப்பிலை வாசம். சுவரோரம் மரச்சட்டங்கள் மேல் மூட்டைகள். நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் ஒரு மூட்டையோடு ஆள் வந்துவிட்டார். பெயர் காசி, பக்கத்துக் கிராமம். கோமதி திரையில் விவசாயி பெயர் கேட்கும் கட்டத்துக்கு வந்து நிறுத்திவிட்டு, "நீங்களே கேளுங்க மேடம்" என்றார்.

"இது யாருடைய மூட்டைங்க?"

"எங்குளுதுதான்."

"உங்களுக்கு மட்டுமா?"

"இன்னா மேடம் இப்புடிக் கேக்குறீங்க? அஞ்சு வூட்டுதுங்க. இந்த வருசம் மாரி கொல்லையிலதான் கதிரு நல்லா வந்துது. அதுல பொறுக்கி எடுத்தோம். போன வருசம் எங்க கொல்லையில எடுத்தாங்க."

"அப்படியானால் இது மாரியுடைய விதை."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வெதைக்கு ஏதுங்க மாரி, காசின்னு? அஞ்சு வூட்டாளுங்களும் சேந்துதானே அறுத்தோம். எவன் கொல்லையில நல்லா இருக்குதோ, அது எல்லாருக்கும் வெத."

மென்பொருள் இதை ஏற்காது. ஒரு மூட்டைக்கு ஒரே பெயர். மாரி என்று போட்டால் ஆடியில் மாரிதான் வர வேண்டும். அவர் அந்த நேரம் வெளியூர் வேலைக்குப் போயிருந்தால் நான்கு வீடு விதையில்லாமல் நிற்கும். பெயரே போடாவிட்டால் திரை நகராது.

"அதான் எம்பேர போட்டேங்க" என்றார் கோமதி. "நான் தெனமும் இங்கதானே இருக்கறேன். அஞ்சு வூட்டுல யாரு வந்தாலும் எடுத்துக் குடுத்துடலாம்." ஒரு பழைய நோட்டை எடுத்து நீட்டினார். இருபத்துமூன்று மூட்டைக்கும் எந்தெந்த வீடு என்று பக்கம் பக்கமாக எழுதி, எதிரே கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. படம் வரையும் முன் இவரோடு அரை மணி நேரம் காணொளியில் பேசியிருக்கிறேன். "கூட்டு மூட்டையும் வரும் மேடம்" என்றார். "அதெல்லாம் அபூர்வமா வரும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் என்பது வரவேயில்லை. படத்தில் நான் விட்டதை மென்பொருள் துளி பிசகாமல் விட்டிருந்தது.

11.00. காசியும் கோமதியும் இருபுறமும் உட்கார, படத்தைத் திருத்தினேன். மூட்டைக்கும் விவசாயிக்கும் இடையில் 'கூட்டு' என்று ஒரு கட்டம் வைத்து, அதிலிருந்து ஐந்து வீடுகளுக்குக் கோடு இழுத்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

"அஞ்சு வூடுன்னு கட்டிப் போடாதீங்க மேடம்" என்றார் கோமதி. "வருசா வருசம் ஒருத்தரு போவாங்க, ஒருத்தரு வருவாங்க."

கூட்டில் யார் யார் என்பது வருடத்துக்கு வருடம் மாறும்படி திருத்தினேன். புதிய மென்பொருளை உருவாக்கச் சொல்லிக் கருவியை முடுக்கினேன். சிக்னல் வாசற்படியில்தான் கிடைத்தது. வெயிலில் மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். காசி ஒருமுறைகூட அவசரப்படவில்லை. ஒருவழியாகத் திரை வந்ததும் கோமதி ஐந்து பெயரையும் அடித்தார். மூட்டை உள்ளே போனது. காசி திரையை எட்டிப் பார்த்து, "அஞ்சும் இருக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

மாலை 3.35. திரும்பும் பேருந்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். அதே வாசற்படியில் உட்கார்ந்து, சென்னையில் எழுதிக் கொண்டுவந்ததை முழுக்க அழித்தேன். என் வீடு இருக்கும் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு மூட்டைக்கு ஒரு பெயர் என்று வரைந்தவள் அங்கே குடியிருப்பவள்தான்.

அறிக்கையின் கடைசியில் 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம். அந்தப் படிவமும் நான் வரைந்த படத்திலிருந்து வந்ததுதான், ஒரு பெயருக்கு மேல் ஏற்காது. உள்ளே கோமதி மூட்டைகளுக்கு அட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

கட்டத்தில் என் பெயரை அடித்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.