புறப்பாடு காற்றின் கையில்

கடலே இல்லாத மைசூரில் உட்கார்ந்துகொண்டு அந்தமான் தீவுகளுக்கு இடையே பாய்மரப் படகுச் சவாரி விற்பதுதான் என் பிழைப்பு. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்குகிற ஜென்மங்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். போன் செய்கிறவர்கள் எல்லோரும் அங்கே மழை வருமா என்றுதான் முதலில் கேட்பார்கள். பழக்க தோஷத்தில் நானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். தெரிவதென்னவோ சரஸ்வதிபுரத்து வானம்.

படகை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். காவிரிக்கரை கோபிநத்தத்தில் பரிசல் போட்டுக்கொண்டிருந்த மனுஷர், அந்தமான் போய்ப் பாய்மரம் பழகி கேப்டன் ஆகிவிட்டார். அங்கே மழைக்காலம் பிறந்தால்தான் இங்கே வீட்டுக்கு வருவார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பேன்: தேதி என் கையில், புறப்பாடு காற்றின் கையில்.

ராகு காலப் படகு

குவெம்புநகரிலிருந்து ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் குடும்பத்தோடு போனார். வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பினால்தான் காற்று கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். ராகு காலம் கழியாமல் படகில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று மேனேஜர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயிலில் ஏறினார்கள். நடுக்கடலில் காற்று செத்துப்போனது. எஞ்சினைப் போடவும் விடவில்லையாம். பாய்மரத்தில் போகத்தானே வந்தேன் என்றாராம். சாயங்காலம் வரை வெந்துவிட்டு, ஊர் திரும்பியதும் நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு ராகு காலம் முடிஞ்சுது, சரி. உங்க காத்துக்கு எப்பம்மா முடியும்?"

கல்யாணமான புதிது

தேனிலவுக்குப் போன ஜோடி ஒன்று. வானிலை கெட்டுப் படகு ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. மழையென்றால் அப்படியொரு மழை, கேபினை விட்டுத் தலை நீட்ட முடியவில்லை. மூன்று வேளையும் என் வீட்டுக்காரர் வடித்த சோறும் புளிக்குழம்பும்தான். போனில் சிக்னல் கிடையாது. திரும்பி வந்த பெண் ஆபீஸுக்குள் நுழைந்ததுமே, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். குடித்துவிட்டு ரொம்ப அமைதியாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒரு மழை விடறதுக்குள்ளயே அவர்கிட்ட இருந்த பேச்சு எல்லாம் தீர்ந்துபோச்சு. இன்னும் ஆயுசு பூரா இருக்கே."

தட்டு மாற்றாத நிச்சயம்

சிரித்தது போதும். என் மகள் காவ்யாவுக்குக் கொள்ளேகாலில் மாப்பிள்ளை அமைந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எந்நேரமும் போனில் கன்னடத்தில் குசுகுசுவென்று பேச்சுதான். பெண் பார்க்க வந்த அன்று, பட்டுக்கூடு வியாபாரியான பையனின் அப்பா என் வேலையைப் பற்றி விசாரித்தார். நானும் பெருமையாக என் 'புறப்பாடு காற்றின் கையில்' வசனத்தை எடுத்துவிட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். வைகாசியில் நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். கடைசிச் சவாரியை முடித்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடுவதாக வீட்டுக்காரர் சொன்னார்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. படகில் எல்லோரும் பத்திரம், கிளம்ப வழியில்லை என்று துறைமுகத்திலிருந்து சேதி மட்டும் வந்தது. நிச்சயத்தன்று கௌதள்ளியிலிருந்து என் சனமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. தட்டு வாங்க அப்பா இல்லை. கொழுந்தனாரை நிற்க வைக்கிறேன் என்று கெஞ்சினேன். அப்பன் உயிரோடு இருக்கும்போது சித்தப்பன் தட்டு வாங்கினால் ஊர் என்ன பேசும், ஆரம்பமே சகுனம் சரியில்லையே என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். காவ்யா பட்டுப்புடவையோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஊருக்கெல்லாம் காத்தைக் கேட்டுச் சொல்றேங்கறீங்க, எங்களுக்கு மட்டும் கேக்காம தேதி குடுத்துட்டீங்களேம்மா."

நங்கூரம்

பையனுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள் என்று தரகர் வந்து சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் ஊர் வந்து சேர்ந்தார். காவ்யா அப்பாவுக்குச் சோறு போட்டாள், முகம் பார்த்துப் பேசவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே பேசித் தீர்த்தேன். யார் யாரோ பெற்றதுகளுக்குக் காவல் இருந்துவிட்டு, தான் பெற்றதைத் தெருவில் விட்டுவிட்டீர்களே என்றேன். தட்டிலிருந்த சோறு அப்படியே காய்ந்தது.

அடுத்த வாரம் அந்தக் கடைசிச் சவாரியில் போன அம்மாள் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். இவள் என்ன புகார் வைத்திருக்கிறாளோ என்று எனக்கு அலுப்பாக இருந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த காவ்யாவும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் யாரென்று வந்தவளுக்குத் தெரியாது.

"கிளம்புங்கன்னு நாங்கதான் மேடம் அவரைத் திட்டினோம். 'எம்பொண்ணுக்கு நிச்சயம், உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் அவசரம்'னு சொல்லிட்டு உக்காந்து அழுதாரே தவிர, நங்கூரத்தை எடுக்கல."

அன்று ராத்திரி அப்பாவின் முகம் பார்த்துச் சோறு போட்ட காவ்யாவும் அழுதாள், நாங்களும் அழுதோம். மைசூரில் கடல் கிடையாது என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை.