ஆறு மீட்டர் கோட்டுக்குள்

எங்கள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியை அறைக்கு வெளியே இருக்கும் சுவர் முழுக்கக் கோப்பை ஏந்திய பெண்களின் படங்கள். தாவணிக் காலத்துப் பெண்கள் கோ-கோவில் ஜெயித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ஓட்டத்தில். மைதானத்தின் பாதியில் புது வகுப்பறைக் கட்டடம் எழும்பிய பிறகு ஓட இடமில்லை. மிச்சத்தில் ஒரு ஹேண்ட்பால் கோர்ட் மட்டும் அடங்கியது. அதனால் நாங்கள் ஹேண்ட்பால் பள்ளிக்கூடமானோம். தாம்பரம் பக்கத்தில் எங்களை ஜெயிக்க ஆளில்லை என்று பேரும் வந்தது.

நான் அந்த அணியின் கோல்கீப்பர். ஒன்பதாம் வகுப்பில் என்னை எடுத்ததற்குக் காரணம் திறமை அல்ல, உடை. அத்தா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பெண் விளையாடட்டும், ஆனால் கை கால் தெரியக் கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அரைக்கால் சட்டை. கோல்கீப்பருக்கு மட்டும்தான் முழுக்கை பனியனும் முழுக்கால் பேண்ட்டும். பி.டி. மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ நீ கோல்ல நில்லு."

ஹேண்ட்பாலில் கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் தள்ளி வளைவாக ஒரு கோடு இருக்கும். அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது, சொந்த அணிக்காரிகள்கூட. எதிரணிப் பெண் கோட்டுக்கு அந்தப் பக்கம் எம்பி, உடம்பின் பலத்தையெல்லாம் கையில் கொண்டுவந்து வீசுவாள். பிடிக்க நேரமிருக்காது. கையையும் காலையும் விரித்துக்கொண்டு, எங்காவது படட்டும் என்று நிற்க வேண்டும்.

எனக்கு அந்தப் பந்தைக் கண்டால் பயம். முதல் நாள் இருந்த பயம் கடைசி நாள்வரை துளிகூடக் குறையவில்லை. பயத்தில் உடம்பு விறைத்துப்போய் நின்ற இடத்திலேயே நிற்பேன். பார்ப்பவர்களுக்கு அது தைரியமாகத் தெரிந்தது. "கண்ணக்கூட சிமிட்டாது அந்தப் பொண்ணு" என்று காலை அசெம்பிளியில் தலைமையாசிரியை பாராட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினோராம் வகுப்பில் சேர்ந்ததும் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "மிஸ், எனக்கு பயமா இருக்கு. நான் விட்டுடறேன்."

மிஸ் சிரித்துவிட்டார். "நீயா? உனக்கா? போய் வார்ம்-அப் பண்ணு."

அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா தலைமையாசிரியை அறைக்குள் போகும்போது எனக்காகப் பேசத்தான் போனாள். உள்ளே டீ கொடுத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டியிருந்த என் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் உறுதி என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்தவள் என் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு, "எவ்ளோ மரியாதையா பேசறாங்க தெரியுமா! ரெண்டு வருஷம்தானே, பல்லக் கடிச்சுக்கினு நின்னுடு" என்றாள். அத்தாவோ பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். யாரிடம் போனாலும் அவர்களுடைய சந்தோஷம் வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

கேப்டனிடமும் சொன்னேன். செம்பாக்கத்துக்காரி. அவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் வயல் இருந்தது, இப்போது அதே இடத்தில் வாடகை வீடுகள். அணியில் அதிக கோல் போடுகிறவள் அவள்தான். "இன்னாடி பேஜார் பண்ற? நீ சும்மாதானே நிக்கிற? ஓடி ஓடி சாவறது நாங்கடி" என்றாள். அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் அந்தக் கோட்டுக்குள் நின்றதே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டிக்கு வெளியூர் போனோம். அரையிறுதியில், முதல் பாதி முடிகிற நேரத்தில் ஒரு பந்து என் வலது கைவிரலை மடக்கிக்கொண்டு போனது. விரல் உடனே வீங்கியது. வலியில் அழுதேன். ஆனால் மிஸ் "இனிமே இவளால நிக்க முடியாது" என்று சொன்னபோது, வலிக்கு நடுவிலும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பல வருஷம் கழித்து மூச்சு முழுதாக உள்ளே போனது போலிருந்தது.

மாற்றுக் கோல்கீப்பருக்குக் காய்ச்சல், ரூமில் படுத்திருந்தாள். அவளுடைய பனியனை மாட்டிக்கொண்டு கேப்டனே கோலுக்குள் போனாள். முதல் பந்து வந்தபோது முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள், மறுபடி குனிந்தாள். ஆட்டம் முடியும்வரை அவளாலும் வெளியே வர முடியவில்லை. படுதோல்வி.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊரப்பாக்கம் தாண்டும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பயத்துல கண்ணே தொறக்கலடி அங்க. நீ எப்டிடி நின்ன, இத்தினி வருஷம்?"

"நிக்கல. வெளிய வர வழி தெரியல."

கட்டுப் போட்ட என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாம்பரம் வரும்வரை விடவில்லை.

விரல் ஆறியது. சொன்னபடி சீட்டும் கிடைத்தது, கோல்கீப்பராக. ஆடாவிட்டால் சீட் போய்விடும் என்றார்கள். ஆகவே பட்டம் வாங்கும்வரை அங்கேயும் நின்றேன். ஒருவருக்கும் தெரியாத பயத்தோடு, நிறையக் கைத்தட்டல்களுக்கு நடுவில். கடைசி மேட்ச் முடிந்த பிறகு ஒரு பந்தையும் நான் தொடவில்லை. எதிர்பாராமல் யாராவது எதையாவது தூக்கிப் போட்டால் இன்றைக்கும் தோள் விறைக்கிறது.

கேப்டன் இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். போன மாதம் போன் செய்தபோது அவளுடைய அணியைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க? தோத்துக்கினே கீறோம்" என்றாள். "ஒவ்வொரு மேட்சுக்கும் கோல்கீப்பர மாத்திடுவேன். ஒருத்தியவே அங்க நிறுத்த மனசு வரல. எங்க ஹெச்.எம். தினம் கூப்ட்டுத் திட்டறாரு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? சரி சார்னுட்டு வந்துட்டேன். அடுத்த மேட்ச்சுலயும் மாத்துனேன்."