பீரோவின் கால்கள்

கோவிலம்பாக்கத்தில் எண்பதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த போர்ஷனுக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. தாழ்ப்பாள் எங்கள் பக்கம். ஆனால் அதை மறைத்து எங்கள் இரும்பு பீரோ நின்றது. மொசைக் தரையில் கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். அதனால் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர், நான்கு ரப்பர் துண்டுகளை வெட்டிக்கொண்டு வந்து பீரோவின் கால்களுக்கு அடியில் வைத்திருந்தார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்துப் போர்ஷன் அக்கா ஸ்டவ்வில் உலை வைத்துவிட்டு அடிபம்புக்குப் போன நேரத்தில், அவளுடைய இரண்டரை வயது மகள் விளையாட்டாக வாசல் கதவை உள்ளேயிருந்து சாத்திக் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். திறக்கத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் தரையில்தான் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை, கொஞ்ச நேரத்தில் சமையலறைப் பக்கம் போய்விட்டது. அழுகை நின்றது.

நடுக்கதவைத் திறக்க அக்காவும் நானும் என் வீட்டுக்குள் ஓடி பீரோவைத் தள்ளினோம். இம்மியும் நகரவில்லை. கனம்தான் காரணம் என்று புடவை, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். மறுபடி தள்ளினால் மேல்பாகம் ஆடுகிறது, கால்கள் மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பத்தாம் வகுப்பில் உராய்வைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். அது அன்று எதற்கும் உதவவில்லை.

"அடியில இன்னாத்தம்மா வெச்சிகீற?" என்று கேட்டாள் அக்கா.

பக்கென்றது எனக்கு. தினமும் பெருக்கித் துடைக்கும் நான் அந்த ரப்பரை மறந்திருக்கிறேன். அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட அதிகம். அக்கா பீரோவைச் சாய்த்துப் பிடிக்க, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிறகு குனிந்து தள்ளியதும், பல் கூசும் சத்தத்தோடு அது நகர்ந்தது. தாழ்ப்பாளை நீக்கி உள்ளே ஓடினோம்.

குழந்தை ஸ்டவ்வுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, உலைமூடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நீண்டிருந்தது. அக்கா பாய்ந்து தூக்கினாள்.

சாயங்காலம் வந்த கணவர் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். தரையில் நீளமாக விழுந்திருந்த கீறலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ரப்பர் துண்டுகளைப் பொறுக்கி, பீரோவின் பக்கத்தில் மண்டியிட்டார்.

"வேணாம்," என்றேன். "தரை கீறினா கீறட்டும். நான் ஒருத்தி தள்ளினா அது நகரணும்."