படத்தின் கீழே ஒரு பெயர்

மாமா அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு படத்தையும் விரலால் தடவிப் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையில் கூத்தாடுபவர்களை வரைய வந்த வெளிநாட்டு ஓவியர் ஒருவருக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் அவருடையது. பாலித் தீவின் ஆட்டக்காரரை, அந்தத் தீவை ஆண்ட காலத்தில் ஐரோப்பியர் வரைந்த படங்கள். வளைந்த விரல்களும் இடுப்புத் துணியின் மடிப்புகளும் உயிரோடு இருந்தன. முகங்கள் மட்டும் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

“இந்தப் பிள்ளையின்ரை பேர் என்னவாம்?” என்று மாமா கேட்டார்.

ஓவியரிடம் கேட்டுச் சொன்னேன். “பேர் இல்லையாம் மாமா. பாலி நடனக்காரி எண்டு மட்டும்தான் போட்டிருக்காம்.”

மாமா புத்தகத்தை மூடினார். பிறகு, “என்ரை மகளையும் ஒரு வெள்ளைக்கார மனிசி கீறினவ. அந்தப் படம் எங்கை கிடக்கெண்டு இவரைக் கேள் பிள்ளை” என்றார்.

சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், மாதா கோயில் திருநாள் கூத்தில் மாமாவின் மகள், என் மச்சாள், ராணியாக ஆடினாள். அந்த வெள்ளைக்காரப் பெண் மேடைக்கு முன்னால் இருந்து வரைந்ததை நானும் பார்த்தேன். மச்சாளின் பெயரை அவர் கேட்கவேயில்லை. கடைசி இடப்பெயர்வில் மச்சாள் காணாமற்போனாள். மாமி செல்லடியில், குண்டு விழுந்து, இறந்துபோனார். புகைப்படங்கள் இருந்த பெட்டி நந்திக்கடலைக் கடக்கையில் தண்ணீரோடு போயிற்று. மகளின் முகத்தைப் பார்க்க மாமாவிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை.

ஓவியர் ஊருக்குத் திரும்பிப் பல மாதங்கள் தேடினார். கடைசியில் அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து படம் என் கைபேசிக்கு வந்தது. மாமா அதை விரல்களால் பெரிதாக்கினார். “ஓம், உன்ரை மாமி தைச்ச சட்டைதான். முத்தெல்லாம் அப்பிடியே கிடக்கு.” இன்னும் பெரிதாக்கினார். கண்களுக்கு இரண்டு கோடு, வாய்க்கு ஒரு கோடு.

“முகம் எங்கை பிள்ளை?”

கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தவர், “பேரையாவது போடச் சொல்லு” என்றார்.

அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். மூன்று முறை எழுதிய பிறகு மிகப் பணிவான பதில் ஒன்று வந்தது. படத்தில் இருப்பவர் இன்னார்தான் என்று உறுதிசெய்ய, அவருடைய பழைய புகைப்படம் ஒன்றை அனுப்ப வேண்டுமாம்.

இதை எப்படி அவரிடம் சொல்வது? போன கிழமை மாமா வீட்டுக்குப் போனபோது, நான் சைக்கிளை நிறுத்தும் முன்பே கேட்டார்.

“பேர் போட்டிட்டினமோ?”

“ஓம் மாமா.”

“வாசி பாப்பம்.”

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தின் கீழே ‘நடனக்காரி, இலங்கை’ என்றுதான் இருந்தது. நான் மச்சாளின் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து வாசித்தேன்.

“திருப்பி வாசி” என்றார்.

வாசித்தேன்.