கருவாட்டுப் பணிஸ் செய்த மலர்விழி அக்கா

மலர்விழி அக்கா இறந்துவிட்டார். இன்று விடிய, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில். கொஞ்சக் காலமாகவே நெஞ்சு வருத்தம்...

பேரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. கிளிநொச்சியில் பஸ் ஏறும்போது கருவாட்டுப் பணிஸ், அதுதான் உள்ளே கருவாடு வைத்த பன், வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். அதை முதலில் செய்தவர் இவர்தான்.

நான் டீச்சராவதற்கு முன், அக்கா வேலை செய்த பேக்கரியில் கவுண்டரில் நின்றேன். அக்கா உள்ளே, பணிஸ் சுடும் போறணையடியில். மலையகத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் குடியேறிய குடும்பம்.

ஒருநாள் கடல் கொந்தளிப்பு. முல்லைத்தீவிலிருந்து மீன் வரவில்லை. குழைத்த மா பொங்கி நிற்கிறது, பணிசுக்குள் வைக்க ஒன்றும் இல்லை. அக்கா எதிர்க்கடையில் கருவாடு வாங்கி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டி உள்ளே வைத்துவிட்டார்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "பஸ்ஸுக்குள்ள மணக்கும். ஆர் வாங்குவினம்?"

"மணந்தாத்தானே பக்கத்துச் சீட்டுக்காரனும் கேப்பான்" என்றார் அக்கா.

மத்தியானத்துக்குள் தட்டு காலி.

பிறகு அது ஃபேமஸ் ஆனது. யூடியூப் பெடியன் ஒருவன் கமராவோடு வந்தான். முதலாளி சிரித்துக்கொண்டே, "இது என்ர ஐடியா" என்றார்.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சத்தம் போடவில்லை. "அப்ப நாளைக்கு நீங்களே செய்யுங்கோ முதலாளி."

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்...

முதலாளி என்னிடம் வந்தார். "பிள்ளை, நீயும் வா. தனியப் போனா அவா கதைக்க மாட்டா." அவர் மோட்டார் சைக்கிளில் முன்னே, நான் ஸ்கூட்டியில் பின்னே. ஸ்கந்தபுரம் போனோம். அக்கா பிளேன்டீ தந்தார். முதலாளி சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொன்னார்.

"அதையும் தாங்கோ. ஆனா ஆர் செய்தது எண்டும் சொல்லுங்கோ."

அந்தக் கிழமையே போர்டு வந்தது. 'மலர் பணிஸ்'. அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்.

"மலர் எண்டா பூ எண்டு நினைப்பினம். முழுப் பேரையும் போடுங்கோ."

பெயின்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

போன வருசம் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். இப்போது எல்லாக் கடையிலும் இந்தப் பணிஸ் இருக்கிறதே... வேறொரு கடைப் பணிசைக் கடித்தபடி நின்றார்.

"எப்பிடி அக்கா?"

"கருவாட்டை வடிவாக் கழுவேல்லை. உப்பு." பாதியைப் பிய்த்து எனக்கும் தந்தார். இருவரும் நின்று சாப்பிட்டோம். பிறகு திரும்பப் போய் இன்னும் இரண்டு வாங்கினார். பேரப்பிள்ளைகளுக்காம்.

நாளைக் காலை ஸ்கந்தபுரம் வீட்டில் கிரியை. முதல் பஸ்ஸில் போகிறேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.