கட்டிவைத்த இடக்கை

என் மகளின் இடக்கையை நான் கட்டிவைத்தது அவளுக்காகவா, எனக்காகவா? இன்னும் பதில் தெரியவில்லை.

அவளுக்கு நான்கு வயது. பிறக்கும்போதே மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலக்கை சரியாக வராது. தினம் ஒரு மணி நேரம் நல்ல கையான இடக்கைக்குக் காலுறை மாட்டி மணிக்கட்டில் கட்டி, வலக்கையால் விளையாட வைக்கச் சொன்னார் மூணாறில் பிசியோதெரபி பார்க்கும் பெண். அப்படியே செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவள் இடக்கையால் சிலுவை போட்டாள். எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு மதினி எல்லார் முன்னாலும் சிரித்தாள். "ஏளா, நீ படிச்சவதான? புள்ளைக்கு எந்தக் கைன்னு சொல்லிக் குடுக்கலியா?"

மறுநாளிலிருந்து காலையில் மாட்டிய காலுறையைச் சாயங்காலம்தான் கழற்றினேன். சோறும் ஜெபமும் வலக்கையால்தான் என்றேன். மூன்றே வாரத்தில் அவள் எந்தக் கையையும் நீட்டாமல், ஊட்டட்டும் என்று வாயைத் திறந்து உட்கார்ந்தாள்.

பிசியோதெரபி பெண் என்னைத் திட்டவில்லை. "ஒரு கையை அசைக்கவும் மூளையின் இரண்டு பக்கமும் சேரும். எதிர்ப்பக்கத்துக்குத்தான் பெரும்பங்கு. இவளுக்கு அடிபடாத வலப்பக்கமே வலக்கைக்கும் உதவிக்கொண்டிருக்கலாம். இடக்கையை நாள் முழுக்கக் கட்டினால் அந்தப் பக்கத்துக்கும் வேலை குறையலாம்" என்றார். அதையும் நான் கெடுத்துவிட்டேனா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

காலுறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆனால் தட்டு வைத்ததும் இடக்கையை என்னிடம் நீட்டுகிறாள். "கட்டலையாம்மா?"

இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கையைக் கட்டிவிடுவார்கள் என்ற பிள்ளையின் பயத்தை எப்படிப் போக்கினீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.