லொறி கிறுகும் அகலம்

அழகரத்தினத்திடம் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். அவர்தான் கேற்றிலிருந்து வாசல்வரை கொங்கிறீட் போட நினைத்தார்.

தபால் கந்தோரில் ஊரார் கடிதங்களைப் பிரித்து அடுக்கியே ஓய்வு பெற்றவர். நாவற்குடாவில் அவர் வாழ்ந்த வீடு மனைவி சின்னத்தங்கத்தின் சீதனம். கிணறு, தென்னைகள், முன்னறைக் கதிரைகள் எல்லாம் அவளுடைய தாய்வழியில் வந்தவை. இனி மகளுக்குப் போகவேண்டியவை. இத்தனை வருடம் அங்கே விருந்தாளியாக இருந்தவருக்கு, கேற்றடியில் கிடந்த மணல் மட்டும்தான் யாரும் உரிமை கோராத நிலமாகப் பட்டது. அதில் தன் பெயருக்கு ஒன்று செய்ய விரும்பினார். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளையிடம் வான் இருந்தது. காரணமும் கிடைத்துவிட்டது.

மேசன் வல்லிபுரம் வந்து அளந்தார்.

“அறுபதடி நீளம். வான்தானே? எட்டடி அகலம், நாலிஞ்சி தடிப்புப் போதும்.”

“பன்னிரண்டடி போடு. ஆறிஞ்சி.”

“என்னத்துக்கண்ணே? ஆனை கட்டப் போறீங்களா?”

“லொறி வந்தாலும் உள்ளுக்கே கிறுகித் திரும்பிப் போகோணும்.”

“ஆர்ட லொறி?” வாசலில் நின்ற சின்னத்தங்கம் கேட்டாள்.

“கலியாணத்துக்குச் சாமான் வராதா?”

“ஓம். ரெண்டு சோத்துக் கிடாரமும் நாப்பது கதிரையும் ஆமிட ட்றக்கிலதான் வரப்போகுது.”

வல்லிபுரம் கணக்குச் சொன்னார். சீமெந்து அறுபத்து மூன்று பை. சல்லி வாவிக்கு அப்பாலிருந்து வரவேண்டும். அக்கரையில் இயக்கத்துக்கு வரி. இக்கரையில் ஆமியின் சோதனைச்சாவடியில் லொறியைக் காலியாக்கிக் காட்டவேண்டும்.

“கொட்டிக் காட்டுற கூலி ஒண்டு. மறுகா அள்ளுற கூலி ஒண்டு.”

பாதைக்கு ஆகும் செலவைவிட, அது வளவுக்கு வந்துசேரும் செலவு கூடுதலாக இருந்தது. அழகரத்தினம் தளரவில்லை. ஓய்வூதியப் பணம் வேறு எதற்கு?

அவ்வளவு சீமெந்துக்கு இராணுவ முகாமின் அனுமதி தேவை. பங்கர் கட்டத்தான் கேட்கிறாரோ என்று பார்க்க ஒரு கப்டன் நேரில் வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் கற்ற ஆங்கிலத்தை அழகரத்தினம் வெளியே எடுத்தார். முளை அடித்த இடமெல்லாம் கப்டனைக் கூட்டிப்போய்க் காட்டினார். லொறியே வரலாம் என்றார். வந்தது பின்னுக்கு எடுக்காமலே திரும்பிப் போகலாம் என்றார். கப்டன் கிணற்றை எட்டிப் பார்த்தார். அறைகளை எண்ணினார். வாசலில் நின்றால் பெருந்தெருவும் வாவியும் தெரிவதைக் கவனித்தார். தேநீர் குடித்துவிட்டு, அருமையான வீடு என்றார்.

“அனுமதி கிடைச்ச மாதிரித்தான்,” என்று அழகரத்தினம் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அடுத்த கிழமை அனுமதி வரவில்லை. மூன்று ட்றக்குகள் வந்தன. பொழுதுபடுமுன் வீட்டை விடச் சொன்னார்கள். கதிரைகளை எடுத்துப்போக விட்டார்கள். அந்த அளவுக்குக் கண்ணியமானவர்கள். மாப்பிள்ளை வீட்டாரும் கண்ணியமானவர்களே. கலியாணத்தை நிறுத்தவில்லை. வீடு திரும்பக் கிடைத்த மறுநாளே வைக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

எதிர் ஒழுங்கையில் வாடகைக்கு இரண்டு அறைகள் எடுத்தார்கள். மாதம் ஒன்று போனபின் வல்லிபுரம் அங்கே வந்தார். உடம்பெல்லாம் சீமெந்து.

“அண்ணே, ஆமிக்காரன் பிடிச்சுக்கொண்டுபோய் உங்கட பாதைய என்னக்கொண்டே போடுவிச்சாங்க. பன்னிரண்டடி, ஆறிஞ்சி. என்ட கணக்கு அச்சொட்டுச் சரி. அறுபத்திமூண்டு பையில ஒண்டும் மிஞ்சல்ல.”

“கொட்டிக் காட்டுற கூலி?”

“அவங்கட லொறிய ஆரு மறிக்கிற?”

“உனக்குக் கூலி?”

“தேத்தண்ணி தந்தாங்க.”

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னத்தங்கம் சுளகை நிறுத்தினாள்.

“போய்ப் பாத்துட்டு வாங்க. அந்த வளவில என்ட தாய்வழியில வராதது அது ஒண்டுதான். உங்கட பேருக்குக் கிடக்கட்டும்.”

அழகரத்தினம் ஒழுங்கை முனைவரை போனார். ஒரு ட்றக் கேற்றுக்குள் நுழைந்தது. பின்னுக்கு எடுக்காமலே கிறுகியது.